கூத்தாநல்லூருக்குப் போன ஃபிளாப்பி

எங்கள் வீட்டில் விதைநெல் மூட்டை அடுக்க வேண்டிய அறையில் பழைய கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. விதைநெல் கூடத்தில் கிடக்கிறது. திருவையாற்றுப் பக்கம் சம்பா நடுகிற வேறு எந்த வீட்டிலும் இந்த அநியாயம் நடக்காது. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். என் மனைவி ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகலத்தில் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்குமே, ஃபிளாப்பி, அதைச் செருகித்தான் எல்லாம் நடக்கும் என்ற காலம். சென்டரை மூடியபோது யாரும் சீண்டாத பெட்டிகளையெல்லாம் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். பழைய ஃபிளாப்பி எங்கே கிடைத்தாலும் வாங்கி, அதில் இருப்பதை இம்மி பிசகாமல் ஒரே கோப்பாக எடுத்து வைப்பாள். அந்தக் கோப்புக்கு இமேஜ் என்று பெயர். பிறகு அந்த இமேஜை வேறொரு நிஜ ஃபிளாப்பியில் இறக்குவாள். "இறக்கி என்ன பண்ணப் போற?" என்று கேட்டால், "ஓடுதான்னு பாப்பேன்" என்பாள். ஓடும். பார்ப்பாள். அணைத்துவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைமடைக்காரன் தண்ணீரை மறித்தாலும் வரும், பஸ் இரண்டு நிமிடம் தாமதமானாலும் வரும். அவளுக்கு எதற்கும் வராது. ஒரு ஃபிளாப்பி படிக்க மறுத்தால் வெளியே எடுத்து, மூச்சு விட்டு, மறுபடி செருகுவாள். அதையே சாயங்காலம் வரைக்கும் செய்வாள்.

கூத்தாநல்லூர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது ஐப்பசி மழையில். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குடையை மடக்கி வாசலிலேயே சாய்த்து வைத்துவிட்டு, முந்தானையில் சுற்றி வைத்திருந்த இரண்டு ஃபிளாப்பிகளை எடுத்து என் மனைவியிடம் நீட்டினார். தஞ்சாவூரில் ரேடியோ உதிரிச் சாமான் விற்கிற கடைக்காரர் எங்கள் வீட்டை அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவருக்குக் கூத்தாநல்லூரில் எம்பிராய்டரிக் கடை. புர்காவுக்குக் கரை போடுவது, கல்யாண ரவிக்கைக்கு வேலைப்பாடு செய்வது, இதெல்லாம்தான் தொழில். அவருடைய கணவர் வளைகுடாவில் இருந்தபோது, அங்கே மூடப்போன ஒரு தையற்கூடத்திலிருந்து வாங்கிக் கப்பலில் அனுப்பிய பெரிய மெஷினில்தான் அத்தனையும் நடக்கும். கணவர் காலமாகிவிட்டார். மெஷின் மட்டும் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அந்த ஃபிளாப்பியைச் செருகினால்தான் அதற்குத் தான் ஒரு தையல் மெஷின் என்ற நினைவே வரும். தைப்பது எப்படி என்ற பாடம் முழுக்க அந்தத் தட்டில்தான் இருந்தது.

"ஆயுத பூசைக்கு லீவு விட்டு, மறுநா வந்து போடுறேன், ஓடல தங்கச்சி. அசலும் ஓடல. நகல் ஒன்னு பத்திரமா வெச்சிருந்தேன், அதுவும் ஓடல. சென்னையிலேருந்து மெக்கானிக் வந்து பாத்துட்டு, இரும்புக் கடைக்குப் போட்டுருங்கன்னு சொல்லிட்டாரு."

"வேற மெஷின் வாங்கிடலாமேம்மா" என்றேன் நான், யோசனை சொல்கிறவன் மாதிரி.

"வாங்கலாம் தம்பி. எம் மவன் விடணுமே." அவர் என் மனைவியைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னார். "துபாய்ல இருக்கான். கடையை மூடிட்டு எங்கூட வந்துருங்கம்மான்னு வருசக்கணக்கா கூப்புடுறான். மெஷின் ஓடுதேடா, எப்புடிடா வர்றதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்ப அதைச் சொல்ல வழியில்ல. லீவுல வர்றான். கையோட கூட்டிட்டுப் போறேன்ங்கறான்."

"உங்களுக்குப் போக இஷ்டம் இல்லையாக்கா?"

"அவன் வீட்டுல எனக்கு என்ன கொறை? மருமவ தங்கமான பொண்ணு. உக்காந்த எடத்துக்கு சோறு வரும். அதாம்மா பயமா இருக்கு. காலையில எந்திரிச்சா எனக்கு ஒரு கடை தொறக்கணும்."

என் மனைவி ஃபிளாப்பியின் ஓரத்தில் இருக்கும் தகட்டை விரலால் நகர்த்தி, உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வட்ட வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது. செருகிப் பார்த்தாள். ஃபிளாப்பியைப் படிக்கிற டிரைவ் தொண்டை கட்டினவன் மாதிரி கரகரத்துவிட்டு நின்றது. தகவல் வட்டம் வட்டமாக எழுதியிருக்கும் தடங்களில் முதல் தடத்திலேயே செத்துப்போயிருந்தது. நகலும் அப்படியே.

"இதுலேருந்து ஒன்னும் எடுக்க முடியாதுக்கா. ஆனா இதே மெஷின் உலகத்துல இன்னும் எங்கயாவது இருக்கும். ஒரு வாரம் குடுங்க."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு நேரத்துக்கு வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அவள் எங்கெங்கோ தேடினாள், யார் யாருக்கோ எழுதினாள். கடைசியில் வருடத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்திலிருந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக் பதில் போட்டார். தான் பழுது பார்த்த ஒவ்வொரு எம்பிராய்டரி மெஷினின் ஃபிளாப்பியையும் இமேஜாக எடுத்து வைத்திருக்கிறாராம். என்றைக்காவது யாருக்காவது வேண்டியிருக்கும் என்றுதான். மெஷினின் தகட்டில் இருக்கும் எண்ணைக் கேட்டார், சொன்னதும் அனுப்பிவிட்டார். அந்த மனுஷன் கூத்தாநல்லூர் என்ற பெயரை அதற்கு முன் கேட்டிருக்கவே மாட்டார். என் மனைவியின் பைத்தியம் ஒற்றை ஆள் பைத்தியம் இல்லை, ஊர் உலகமெல்லாம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த அறையும் போய்விடும்.

இமேஜ்தான் வந்துவிட்டதே, ஃபிளாப்பியில் காப்பி போட்டுக் கொடுத்தால் முடிந்தது என்று நான் நினைத்தேன். அங்கேதான் வேலையே ஆரம்பமாம். சும்மா காப்பி போட்டால் கம்ப்யூட்டர் தன் வசதிக்கு எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போட்டு வைக்கும். மெஷினுக்கு அது ஆகாது. எந்தத் தடத்தில் எந்தத் துண்டு இருந்ததோ அதே தடத்தில் அதே துண்டு இருக்க வேண்டும். "நீங்க வெதையைத் தெளிக்கிறதுக்கும் கயிறு புடிச்சு வரிசையா நடுறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?" என்றாள். இருக்கிறது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்த மெஷினுக்கு வேண்டியது பழைய ரக ஃபிளாப்பி, கொள்ளளவு பாதிதான். அது இப்போது கிடைப்பதில்லை. பிந்திய ரகம் அவளிடம் இருந்தது. அதற்கு ஒரு மூலையில் கூடுதலாக ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை டேப் ஒட்டி மறைத்தால் மெஷின் அதைப் பழைய ரகம் என்று நம்பிவிடும். கடையில் வாங்கிச் செருகுகிற புது டிரைவெல்லாம் இந்த வேலைக்குச் சரிப்படாது என்று, என் விதைநெல் அறையில் இருக்கும் கம்ப்யூட்டர்களிலேயே ஆகப் பழையதை எழுப்பினாள். ஓட்டைக்கு டேப் ஒட்டினாள், எழுதினாள், எழுதியதைத் திரும்பப் படித்து இமேஜோடு ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை. "டேப் ஒட்டினது ஓடும். ரொம்ப நாள் தாங்காது" என்று முணுமுணுத்தாள்.

தஞ்சாவூர் போய், மன்னார்குடி பஸ் பிடித்து, அங்கிருந்து மறுபடி பஸ் மாறிக் கூத்தாநல்லூர் போனோம். வழி நெடுக இரண்டு பக்கமும் நடவு வயல். மழையில் பயிர் முங்கிக் கிடந்தது. என் வயலை விட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருக்கிறேனே என்று எரிச்சல். அவள் கைப்பையை மடியில் வைத்து, பக்கத்தில் யாராவது செல்போனை நீட்டினால் மறுபக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

கடையில் அந்த அம்மாவும், அங்கே பல வருடமாக மெஷின் ஓட்டும் ஓர் அம்மாளும் இருந்தார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் வருகிறவர், நாற்பது வயது இருக்கும். மெஷின் சுவரோடு நீண்டு நின்றது. தூசி ஒரு பொட்டுக்கூட இல்லை. ஓடாத மெஷினைத் தினமும் துடைத்திருக்கிறார்கள்.

என் மனைவி ஃபிளாப்பியைச் செருகினாள். திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பாதி ஓடியதும் கரகரவென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

"அவ்ளோதானா?" என்றார் அந்த அம்மா.

என் மனைவி ஃபிளாப்பியை எடுத்துத் தகட்டை நகர்த்தி வெளிச்சத்தில் பிடித்தாள். காலையில் கண்ணாடி மாதிரி இருந்த பரப்பில் புதிதாக ஒரு வட்டக் கீறல். அதன் ஓரத்தில் லேசாகச் சிவப்பு.

"அக்கா, ஃபிளாப்பி மேல குத்தம் இல்ல. இந்த டிரைவுக்குள்ள என்னமோ போயிருக்கு. போடுற எல்லாத்தையும் அதுதான் கீறுது. உங்க நகல் செத்ததும் இதனாலதான். என்னக்கா போச்சு உள்ள? செகப்பா?"

மெஷின் ஓட்டும் அம்மாள் மெதுவாக முன்னால் வந்தார்.

"ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சேங்க."

"மெஷினுக்குத்தானே?" என்றேன்.

"மெஷினுக்கும் வெச்சேன். இந்த வருசம் ஃபிளாப்பிக்கும் வெச்சேன். அதுதானங்க மெஷினையே எழுப்புது. அதை விட்டுட்டு எப்படிங்க கும்புடுறது? பின்னால நடுவுல வட்டமா ஒரு வெள்ளித் தகடு இருக்குல்லங்க, பொட்டு வைக்கிறதுக்குன்னே செஞ்ச மாதிரி..."

சந்தனம், அதற்கு மேல் குங்குமம். அந்த வட்டத் தகடுதான் ஃபிளாப்பியைப் பிடித்துச் சுற்றும் இடம். காய்ந்த சந்தனம் சுற்றச் சுற்றத் துளி மிச்சமில்லாமல் உதிர்ந்து, படிக்கும் முனையில் போய் அப்பிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"பொட்டு வைக்க ஊர்ல வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு? ஒரு குடும்பத்துப் பொழப்பு இது! இவங்க கடையையே..."

"தம்பி" என்றார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை. ஆனால் நான் நிறுத்திவிட்டேன். "அவ சாமி கும்புட்டது எம் மெஷின் நல்லா ஓடணும்னுதான். வருசா வருசம் நாந்தான் பூவும் பழமும் வாங்கித் தர்றேன். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

என் மனைவி பஞ்சை உருட்டிக்கொண்டே, "இவர் அதே பூசைக்குப் பம்புசெட் மோட்டாருக்குப் பட்டையா விபூதி போட்டாருக்கா. மோட்டார் மூச்சு விடுற சந்தெல்லாம் அடைச்சுப் போச்சு" என்றாள். மெஷின் ஓட்டும் அம்மாள் அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். எனக்கு ஒளிய இடமில்லை. எதிர் மருந்துக் கடைக்குப் போய் ஸ்பிரிட்டும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் வாங்கி வருகிறேன் என்று நானாகவே கிளம்பினேன்.

மெஷினின் மூடியைக் கழற்றி அவள் துடைத்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். முதல் குச்சி செங்கல் நிறத்தில் வந்தது. அடுத்தது மஞ்சள். பஞ்சு வெள்ளையாக வந்த பிறகும் அவள் நம்பவில்லை. கைப்பையில் கொண்டுவந்திருந்த உதவாத ஃபிளாப்பிகளில் ஒன்றைச் செருகி, சுற்றவிட்டு, எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மெல்லியதாக ஒரு கோடு. மறுபடி துடைத்தாள். இப்படியே நாலைந்து உதவாத ஃபிளாப்பிகள் பலியாயின. கடைசியில் ஒன்று கீறலே இல்லாமல் வெளியே வந்தது. அப்போதுதான் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் கொண்டுபோன ஃபிளாப்பி போய்விட்டது. இனிமேல் டேப் ஒட்டினதைக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. "அசல் பழைய ரகமே வேணும்க்கா. அப்பத்தான் உங்களுக்கு நிம்மதி."

அந்த அம்மா போனை எடுத்தார். அவருக்கு உறவு இல்லாத ஊரே கிடையாது போலிருக்கிறது. மாயவரத்தில் ஒருவர், நாகூரில் ஒருவர், அதிராம்பட்டினத்தில் ஒருவர். அதிராம்பட்டினத்துக்காரர் ஒரு காலத்தில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தவர். பரணில் பிரிக்காத பெட்டி ஒன்று கிடப்பதாகச் சொன்னார். இரண்டே நாளில் அது பஸ் கண்டக்டர் கைமாறித் தஞ்சாவூர் வந்து சேர்ந்தது. பிரித்தால் பாதிக்கு மேல் கடல் காற்றில் பூஞ்சை பூத்திருந்தது. உளுந்தில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து, தேறியதைத் தனியே வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் களை பார்த்துவிட்டு வயலிலிருந்து வந்தேன். "காலைக் கழுவிட்டு வாங்க, தூசி ஆவாது" என்று அறை வாசலிலேயே மறித்தாள். கழுவிவிட்டு வந்து நின்று பார்த்தேன். எழுதினாள். திரும்பப் படித்தாள். ஒப்பிட்டாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் டிரைவ் இரண்டாம் முறை முயன்று படித்தது. படித்துவிட்டது. அவள் அந்த ஃபிளாப்பியை எடுத்து ஒதுக்கிவிட்டாள்.

"படிச்சிருச்சே! எதுக்கு ஒதுக்குற?"

"ரெண்டாவது வாட்டிதான் படிச்சுது."

"ஒரே ஒரு எடத்துல!"

"அந்த எடத்துல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? ஊசியை எங்க நிறுத்தணும்னு இருக்கலாம். கழுத்துக் கரை போடுறப்ப அது தெரியாமப் போனா, அந்தக்கா யார் வீட்டுக் கல்யாணத் துணியைப் பாழாக்குறது?"

அப்புறம் கரண்டு போனது. வந்ததும், பாதியில் நின்ற ஃபிளாப்பியையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் வாசலை ஒட்டிக் கூடத்தில் கிடந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் இவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், இவள் வேலை செய்வதை ஒருநாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. யாரும் பாராட்டப் போவதில்லை, தப்பாகப் போனாலும் யாருக்கும் காரணம் தெரியப் போவதில்லை. இருந்தும் அவளுக்குள் ஒரு கண்டிப்பு. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லியும் விட்டேன். "காபி வேணுமா?" என்று கேட்டாள். நான் ஏதோ காரியமாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் படித்தவை மூன்று தேறின. அதற்குள் மகன் துபாயிலிருந்து வந்துவிட்டான் என்று தகவல்.

நாங்கள் போனபோது அவன்தான் வாசலுக்கு வந்து, "வாங்கண்ணே, வாங்கக்கா" என்று கூப்பிட்டான். முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான பிள்ளை. இரும்புக் கடைக்காரர் முதல் நாள்தான் வந்து மெஷினைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இது ஓடாவிட்டால் மறுநாள் ஏற்றிவிடுவதாகப் பேச்சு. அவன் அம்மாவை வற்புறுத்துகிறவன் என்று மனதில் ஒரு வில்லனைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆள் அப்படியில்லை. என் மனைவி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அவள் உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

ஃபிளாப்பி உள்ளே போனது. டிக், டிக், டிக் என்று சீராக ஒரு சத்தம். போன தடவை நின்ற இடத்தைத் தாண்டியது. திரை நிறைந்தது. ஊசி வரிசை முழுவதும் ஒரு உதறு உதறித் தன் இடத்துக்குப் போய் நின்றது. மெஷின் ஓட்டும் அம்மாள் கறுப்புத் துணியைச் சட்டத்தில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார். சின்னக் கொடி ஒன்று துணியில் ஓட ஆரம்பித்தது, இலை, மொட்டு, மறுபடி இலை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அந்த அம்மா. என் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுதார், சிரித்தார், மெஷினைத் தடவினார். "நாளைக்குக் காலையில கடை தொறக்கலாம்" என்று மெஷின் ஓட்டும் அம்மாளிடம் சொன்னார். மகன் பக்கம் அவர் திரும்பவில்லை.

அவன் கதவோரம் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டிக்கொண்டு போகத்தான் அத்தனை தூரத்திலிருந்து வந்திருக்கிறான். நாங்கள் போட்டுக் கொடுத்த தட்டு அதைக் கெடுத்துவிட்டது. என்ன சொல்லப் போகிறானோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. கொடி ஒரு சுற்று முடிந்ததும் என் மனைவியிடம் வந்தான்.

"இதுல இன்னொன்னு இருக்காக்கா?"

"ரெண்டு கூடுதலா போட்டுக் கொண்டாந்திருக்கேன் தம்பி. அம்மாகிட்டயே குடுத்துடறேன்."

"ஒன்னு அம்மாகிட்ட குடுங்க. ஒன்னு எங்கிட்ட குடுங்க. நான் துபாய்க்கு எடுத்துட்டுப் போறேன்."

"அங்க உங்களுக்கு எதுக்கு தம்பி?"

"இங்க இருக்கறது எல்லாம் கெட்டுட்டாலும் எங்கிட்ட ஒன்னு இருக்கும்ல. மெஷின் நின்னதுலேருந்து அம்மா போன்ல சரியாவே பேசலக்கா. என்னால அதைக் கேக்க முடியல."

என் மனைவி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தான். அப்புறம் ஏதோ நினைவு வந்து, "ஏர்போர்ட்ல எக்ஸ்ரே மெஷின்ல விட்டா கெட்டுருமாக்கா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் ஒன்னும் ஆகாது தம்பி. காந்தம் பக்கத்துல மட்டும் வைக்காதீங்க."

"சரிக்கா" என்று பையை வெளியிலிருந்து ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அந்த அம்மாவின் காதில் எல்லாம் விழுந்திருக்க வேண்டும். மெஷினின் ஓடாத பக்கத்து ஊசிகளில் ஒன்றுக்கு நூல் கோக்கிறவர் மாதிரி, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். "பத்திரமா வெச்சுக்கடா" என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்ததால் பார்த்தேன். அந்த ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.